மதிலில் ஒரு வக்கடை

ஒரே வாய்க்காலில் பாய்கிற வயல்வெளியை வட்டை என்போம். எங்கள் வட்டையில் தண்ணீருக்குப் பொறுப்பாக இருப்பவரை வட்டவிதானை என்று சொல்வோம். வட்டையில் வயல் செய்கிற அறுபது பேரும் கூடி ஒருவரைத் தெரிவு செய்வார்கள். வாய்க்கால் கதவின் சாவி அவருடைய இடுப்பில் இருக்கும். எந்த நாள் திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது, யாருடைய வயலுக்கு முதலில் என்பதெல்லாம் அவருடைய முடிவு. நடுவில் வேறு யாரும் கை வைக்க முடியாது. நிறையக் காணி உள்ள பெரிய போடியாராக இருந்தாலும் வரம்பில் நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். இவ்வளவு அதிகாரத்தை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, எங்களுக்கு முந்தியவர்கள் ஒரு சின்னக் கட்டுப்பாட்டையும் போட்டு வைத்தார்கள். வட்டவிதானையாக வருகிறவரின் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்க வேண்டும். வாய்க்கால் தொடங்குகிற தலைப்பில் வயல் உள்ளவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அந்தப் பதவிக்கு வர முடியாது. மற்ற எல்லா வயலும் நனைந்த பிறகுதான் விதானையின் வயலுக்குத் தண்ணீர் வரும். அவர் எங்கே பிழை விட்டாலும் முதலில் காய்வது அவருடைய பயிர்தான்.

நான் பன்னிரண்டு வருடமாக வட்டவிதானையாக இருக்கிறேன். இதில் என் திறமை என்று சொல்ல எதுவும் இல்லை. கடைசி வயல் என்னுடையது, அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். சாவி வைத்திருப்பவனுக்கு வாய் இல்லாமல் இருப்பது எல்லோருக்கும் வசதியாகவே இருந்தது.

என் மூன்று ஏக்கருக்கும் கடலுக்கும் நடுவில் முன்பு வெறும் மணல் பூமி கிடந்தது. மாரி மழையில் வட்டையில் மிஞ்சுகிற தண்ணீரெல்லாம் கடைசியில் என் வயலுக்கு வரும். அங்கிருந்து ஒரு வடிச்சல் வழியாக அந்த மணலைத் தாண்டித் தோணா என்கிற ஓடைக்குள் இறங்கும். தோணா அதைக் கடலுக்குக் கொண்டுபோய் விடும். தண்ணீருக்கு வழி தெரியும், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு அந்தப் பூமிக்குக் கல்வி வந்தது. தூரத்து நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று தன்னுடைய கிளை வளாகத்தை அங்கே கட்டியது. கல்வி வரும்போது மதிலோடு வந்தது. எட்டடி மதில். என் வடிச்சலுக்குக் குறுக்கே நேராக நின்றது. உள்ளே இருக்கிற அறிவு வெளியே கசிந்துவிடாமல் இருக்க அந்த உயரம் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் தடைப்பட்டது தண்ணீர்தான்.

முதல் மாரியிலேயே என் வயலின் கீழ்த்துண்டு ஒரு ஏக்கர் பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. மழை விட்ட பிறகு வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வளாகத்தின் பணிப்பாளரைப் பார்க்கப் போனேன். அவர் இந்தக் கரையோரத்து மனிதர்தான். நல்லவர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்வதற்கு இடம் கிடைக்காமல் போகலாம்.

எனக்குக் கதிரை போட்டு, பிளேன்டீ தந்து, சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு கையை விரித்தார்.

"எனக்கு வெளங்குது. ஆனா இந்த மதில்ல ஒரு கல்லக் கழட்டுறண்டாலும் நான் தலைமை வளாகத்துக்கு எழுதணும். அங்க கட்டட உபகுழு இரிக்கி, நிதி உபகுழு இரிக்கி, அதுக்கு மேல பேரவை இரிக்கி. எனக்கிட்ட ஒரு அதிகாரமும் இல்ல."

"எழுதுங்க சேர்," என்றேன்.

எழுதினார். கடிதத்தின் பிரதியையும் என்னிடம் தந்தார். தலைமை வளாகம் பஸ்ஸில் ஏழு மணித்தியாலத் தூரம். கடிதத்துக்கு அந்தத் தூரம் இன்னும் கூட. இரண்டாவது மாரி முடிந்து, கீழ்த்துண்டு இரண்டாவது தடவை அழுகிய பிறகு, பதில் வந்தது. பணிப்பாளர் கூப்பிட்டுக் காட்டினார். ஒரே ஒரு வரி. எந்த மதில் என்று கேட்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா? இதுதான் எங்கட நெலம," என்றார். "ஒரு பெல்ப் மாத்தவும் அங்க கேக்கணும். இந்த வளாகத்துக்குத் தன்னாட்சி வேணும். அது மட்டும் கிடைச்சா, அடுத்த நாளே ஒங்கட மதில நான் ஒடைக்கிறன்."

அன்றிலிருந்து நான் உயர்கல்வித் தன்னாட்சியின் தீவிர ஆதரவாளனாகிவிட்டேன். நாட்டில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் அதற்காகத் தொழுகைக்குப் பிறகு கையேந்தி துஆக் கேட்டிருக்கிறேன். வயலுக்குப் பசளை கிடைக்க வேண்டும் என்று கேட்டபோதுகூட அவ்வளவு உருக்கமாகக் கேட்டதில்லை.

அந்த வருடம் வயல்காரர் எல்லோரும் சேர்ந்த எங்கள் கமக்காரர் அமைப்புக்கு வளாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆளுகைச் சீர்திருத்த ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்கிறார்களாம். அதில் அயல் காணிக்காரர்கள் சார்பாக ஒரு சமூகப் பிரதிநிதி இருக்க வேண்டுமாம். அஸர் தொழுகைக்குப் பிறகு கூடினோம். அமைப்பின் தலைவர் வயதானவர், எல்லோருக்கும் மூத்த அண்ணன் மாதிரி, காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கடிதத்தை வாசித்து முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார்.

"ஆர் போற?"

"எனக்கு மாடு இரிக்கி காக்கா."

"அங்க இங்கிலீசுலதான் கதைப்பானுகள். நமக்கு ஏலா."

"அப்ப கதைக்காத ஆள அனுப்பினாச் சரிதானே," என்றான் என் மனைவியின் தம்பி. அவனுடைய வயல் வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறது. தண்ணீர் முதலில் கிடைக்கிறவனுக்கு வாயும் முதலில் வரும். "இஞ்ச இரிக்கார் ஒராள், அஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தான் வாய் தொறக்கிற. அதுவும் கொட்டாவி விடுறதுக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"பாருங்க, மறுக்கல்ல," என்றார் தலைவர். எழுதிவிட்டார். கலியாணத்தில் பெண்ணிடம் மட்டும்தான் பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கமக்காரர் அமைப்பிலும் அப்படித்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். தன்னாட்சி வருகிற அறைக்குள்ளேயே எனக்கு ஒரு கதிரை. மதில் உடைகிறதைக் கிட்ட இருந்து பார்க்கலாம்.

குழு மாதம் ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை காலையில் கூடும். குளிரூட்டிய அறை. ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு தண்ணீர்ப் போத்தல். வெளியே மதிலுக்கு அந்தப் பக்கம் எனக்கு இருக்கிற தண்ணீர் போதாதென்று உள்ளேயும் தந்தார்கள். பணிப்பாளர்தான் தலைவர். பதிவாளர் பக்கத்தில் இருந்து கூட்டறிக்கை எழுதுவார். மெலிந்த மனிதர், தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருப்பார். விரிவுரையாளர்கள் எட்டோ ஒன்பதோ பேர். மாணவர் சார்பாக ஒரு மாணவி. கதவுக்குப் பக்கத்தில் நான்.

இரண்டு சொற்கள் அந்த அறையில் ஓயாமல் சுற்றின. ஒன்று தன்னாட்சி, மற்றது பொறுப்புக்கூறல். இரண்டையும் சமநிலைப்படுத்த வேண்டும் என்று ஒவ்வொருவரும் எழும்பிச் சொன்னார்கள். நான் கவனமாகக் கேட்டேன். நாலைந்து மணித்தியாலத்தில் விசயம் பிடிபட்டுவிட்டது. பணிப்பாளருக்குத் தலைமை வளாகத்திடமிருந்து தன்னாட்சி வேண்டும். துறைத் தலைவர்களுக்குப் பணிப்பாளரிடமிருந்து வேண்டும். விரிவுரையாளர்களுக்குத் துறைத் தலைவர்களிடமிருந்து வேண்டும். ஒருவர், வகுப்புக்கு வந்த நேரத்தைக் கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொல்வது சிந்தனைச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்று அரை மணித்தியாலம் விளக்கினார். அன்று அவர் கூட்டத்துக்கே முக்கால் மணித்தியாலம் பிந்தித்தான் வந்திருந்தார். சுதந்திரமாகச் சிந்தித்திருப்பார். பொறுப்புக்கூறலும் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் தங்களுக்குக் கீழே இருப்பவர்களிடமிருந்து.

மாணவி கைதூக்கினாள். "எங்கட போன வருசப் பரீட்சை முடிவு இன்னும் வரல்ல சேர். அத நாங்க ஆருக்கிட்டக் கேக்கிற?"

"அது பாட அலுவல். அதுல நிருவாகம் தலையிட ஏலா," என்றார் பதிவாளர்.

"அது நிருவாக அலுவல். புள்ளி எல்லாம் நாங்க குடுத்திட்டம்," என்றார் ஒரு விரிவுரையாளர்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் எந்த மதிலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க முடியாது.

முதல் மூன்று கூட்டத்திலும் நான் வாய் திறக்கவில்லை. மூன்று கூட்டறிக்கையிலும் கடைசியில் ஒரு வரி இருந்ததாகப் பதிவாளர் வாசித்தார்: சமூகப் பிரதிநிதி உடன்பட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

வீட்டில் மனைவி விசாரித்தாள். "அங்க போய் என்னதான் செய்யிறீங்க?"

"தன்னாட்சியப் பத்திக் கதைக்கிறம்."

"நீங்களா?"

"அவங்க கதைக்கிற. நான் இரிக்கிற."

"அதெண்டா என்ன?"

சொல்லிப் பார்த்தேன். அவள் மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டில் நான் இருபத்தாறு வருடமாக மாப்பிள்ளை. அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் அவளிடம் கேட்க வேண்டும். "இப்பத்தான் வெளங்குது," என்றாள், "ஒங்கள ஏன் தெரிஞ்செடுத்தாங்க எண்டு. அனுபவம் உள்ள ஆள்."

நாலாவது கூட்டத்துக்குத் தூரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வளவாளராக வந்திருந்தார். சுவரில் படம் போட்டுக் காட்டினார், வட்டங்களும் அம்புக்குறிகளும். எந்த அம்பும் அதை வரைந்தவரின் பக்கம் திரும்பவில்லை. பிறகு அவருக்கு என்னவோ தோன்றி, என் பக்கம் கையைக் காட்டி, "நம்முடைய சமூகப் பிரதிநிதி என்ன நினைக்கிறார்?" என்று கேட்டார்.

அறை முழுக்கத் திரும்பியது. காது சூடாகிவிட்டது. மதிலைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அது என் சொந்த அலுவலாகப் படுமோ என்று கூச்சம். முன்னால் தட்டில் தின்ன வைத்திருந்த பெட்டிஸைப் பார்த்துக்கொண்டு வேறு ஒன்றைச் சொன்னேன். எங்கள் வட்டையில் சாவி ஒருவரிடம்தான் இருக்கும், யாரும் தலையிடுவதில்லை, ஆனால் அவருடைய வயல் கடைசி வயலாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். ஏழோ எட்டோ வசனம். என் வாழ்நாளில் தொடர்ந்து கதைத்த மிக நீளமான கதை அதுதான்.

 பேராசிரியர் மேசையில் தட்டினார். அற்புதமான உள்ளூர் மாதிரி என்றார். பணிப்பாளர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். பதிவாளர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குக் கடைசி வயல் கோட்பாடு என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

மாணவி மறுபடியும் கைதூக்கினாள். "அப்ப நம்மட வளாகத்துல கடைசி வயல் எது சேர்? ஆர்ர வயல் அது?"

பணிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். தேநீர் இடைவேளை விட்டார்கள்.

அடுத்த கூட்டத்திலிருந்து அந்தப் பிள்ளை வரவில்லை. பரீட்சைக் காலம் என்று சொன்னார்கள். கோட்பாடு மட்டும் ஊர் ஊராகப் போனது. அதைப் பற்றி எங்கோ ஒரு செயலமர்வு நடந்ததாகவும், என் வாய்க்காலைப் போலவே ஒரு வாய்க்காலை வரைந்து காட்டியதாகவும் பதிவாளர் சொன்னார். வரைந்த படத்தில் வாய்க்காலின் கடைசியில் மதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. உண்மையான மதிலுக்குப் பின்னால் என் கீழ்த்துண்டு மூன்றாவது தடவை அழுகிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் தன்னாட்சி வந்தது. அரசாங்கக் கடிதத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள். இனி இந்த வளாகம் தன் அலுவலைத் தானே தீர்மானிக்கும், தனக்கென்று ஒரு முகாமைச் சபை இருக்கும், மதில், கட்டடம், தண்ணீர் ஓடுகிற கான் எல்லாம் பணிப்பாளரின் கையெழுத்தில் முடியும். பணிப்பாளர் சொன்ன அடுத்த நாள் இதுதான் என்று நினைத்து, அடுத்த நாளே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

இந்தத் தடவையும் கதிரை, பிளேன்டீ. ஆனால் அவருடைய முகத்தில் சந்தோசம் இல்லை.

"அதிகாரம் வந்திட்டு," என்றார். "அதுதான் இப்பப் பிரச்சினை."

"ஏன் சேர்?"

"முந்தி ஏலாது எண்டு செல்ல எனக்கு ஒரு இடம் இருந்திச்சு. தலைமை வளாகம் விடுதில்ல எண்டு செல்லுவன், முடிஞ்சிது. இப்ப மதில ஒடைச்சு, நாளைக்கு அது சாஞ்சிதெண்டா, ஆர் ஒடைக்கச் சொன்ன எண்டு கேப்பாங்க. என்ட பேர் மட்டும்தான் இரிக்கும். ஒரு நடைமுறை வேணும். குழுவுக்குப் போடுவம்."

நான் தலையாட்டினேன். ஏழு மணித்தியாலத் தூரத்தில் இருந்த தலைமை வளாகத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாடுபட்டுப் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

எப்படியோ நிகழ்ச்சி நிரலில் ஏழாவது விடயமாக என் வடிச்சல் வந்தது. மற்ற ஆறும் முடியப் பகல் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. எல்லோருக்கும் பசி. பதிவாளர் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். இங்கிலீசில் இருந்தது. ஒரு படமும் இருந்தது: மதில், மதிலுக்குள்ளால் ஒரு பைப், பக்கத்தில் இலக்கங்கள். மதிலை உடைக்கத் தேவையில்லை, ஒரு பைப் வைத்தால் போதும், வளாகத்துக்கு உள்ளே மதிலோரமாகத் தோணாவுக்கு ஓடுகிற கானுக்குள் தண்ணீர் விழும் என்று பணிப்பாளர் சொன்னார். தாள் என் கைக்கு வந்தது. இலக்கம் வாசிப்பேன். அது எங்கிருந்து அளந்த இலக்கம் என்பதுதான் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு வசனம். பத்துப் பேர் சாப்பாட்டுப் பார்சலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"என்ன, சரிதானே?" என்றார் பணிப்பாளர்.

"ஓம் சேர்," என்றேன்.

சமூகப் பிரதிநிதி உடன்பட்டார்.

பைப் வந்தது. மேசன்மார் உள்பக்கத்திலிருந்து துளைத்து, சீமெந்து பூசி, ஒரே நாளில் முடித்தார்கள். நான் வயல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதிலில் முதல் ஓட்டை தெரிந்தபோது அது என் நெஞ்சுக்கு நேரே தெரிந்தது. வளாகத்துக்குள்ளே மண் போட்டு உயர்த்தியிருந்தார்கள். படத்தை வரைந்தவர் உள்ளே நின்று, உள்ளேயிருக்கிற நிலத்திலிருந்து அளந்திருந்தார். அவருக்கு அது கணுக்கால் உயரம். எனக்கு நெஞ்சு உயரம். அந்த வழியாக என் வயல் வடிய வேண்டும் என்றால் முதலில் நான் மூழ்க வேண்டும்.

அந்த மாரி கொஞ்சம் முந்தியே பிடித்தது. விதைத்து ஒரு மாதம். என் வயல் மட்டுமில்லை, எனக்கு மேலே உள்ள ஐந்தாறு பேரின் வயலிலும் தண்ணீர் ஏறத் தொடங்கியது. தலைவர் அவசரமாக அமைப்பைக் கூட்டினார். மழைக்குள் அறுபது பேரும் வந்திருந்தார்கள், வாய்க்கால் கதவுக்குப் பக்கத்தில் உள்ள தகரக் கொட்டிலில்.

"பைப்ப அந்த ஒசரத்துல வைக்க ஆர் ஒத்துக்கொண்ட?" என்று ஒருவர் கேட்டார். யாரோ வளாகத்தில் விசாரித்திருக்கிறார்கள். அங்கே கூட்டறிக்கையைக் காட்டியிருக்கிறார்கள். படத்தை வரைந்த பொறியியலாளர் குழுவைக் காட்டினார், குழு கூட்டறிக்கையைக் காட்டியது, கூட்டறிக்கை என்னைக் காட்டியது.

கொட்டிலுக்கு வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது. தகரத்தில் மழை பெரிய சத்தமாக விழுந்தது. நான் சொன்னாலும் கேட்காது என்று ஒரு நிமிடம் ஆறுதல் பட்டேன். எனக்கு வேறு வழிகளும் தெரிந்திருந்தன, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் அந்த அறையில் இருந்தவன். அது நடைமுறையின்படி எடுத்த தீர்மானம் என்று சொல்லலாம். இதை ஆராய ஒரு உபகுழு அமைப்போம் என்று சொல்லலாம். அந்த வசனங்கள் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. ஆனால் எங்கள் கொட்டிலில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே எல்லோரும் எல்லோருடைய வயலையும் தினமும் பார்க்கிறவர்கள்.

எழும்பினேன்.

"நான்தான்," என்றேன். "தாள்ல போட்டிருந்த. எனக்கு வெளங்கல்ல. கேக்க வெக்கமாக் கிடந்திச்சு. ஓம் எண்டு செல்லிட்டன்."

"சத்தமாச் செல்லுங்க, கேக்கல்ல," என்றது பின்வரிசை. முதல் தடவை சொல்லவே உயிர் போயிருந்தது. இரண்டாவது தடவையும் சொன்னேன்.

இரண்டு வருடச் சீர்திருத்தத்தில், எனக்குத் தெரிந்த வரைக்கும், பொறுப்புக் கூறிய ஒரே ஆள் நான்தான். ஐந்தாம் வகுப்பு.

"சாவிய வாங்கிப் போடுங்க காக்கா," என்றார் ஒருவர். அவருடைய வயலிலும் தண்ணீர். கோபம் நியாயம். நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தலைவருக்கு முன்னால் வைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் அந்த இடம் முதல் தடவையாக வெறுமையாக இருந்தது.

தலைவர் சாவியைத் தொடவில்லை. "அந்தப் பைப்புக்கு நேர கீழ கிடக்கிற வயல் ஆர்ர?" என்று கேட்டார்.

 என் மைத்துனன்தான் வாய் திறந்தான். "மச்சான்ட வயல்தான். முதல்ல அழுகிறதும் அவர்ர பயிர்தான். இதுக்கு மேல நாம என்ன தண்டன குடுக்கிற? சாவியக் குடுங்க காக்கா. ஆனா ஒண்டு, இனி அங்க போனா வாயையும் கொண்டு போகச் செல்லுங்க. வீட்டுல வெச்சிட்டுப் போறார்."

சிரித்தார்கள். யாரோ பிளேன்டீ ஊற்றித் தந்தார்கள். சாவி மறுபடியும் இடுப்புக்கு வந்தது. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த நாள் காலையில் மழையோடு வளாகத்துக்குப் போனேன். வெள்ளைச் சட்டை இல்லை, வயலில் கட்டுகிற சேற்றுச் சாரத்தோடு. காவலாளி விடவில்லை. வாசலில் நின்றேன். சட்டம் போட்ட தன்னாட்சிக் கடிதத்துக்குக் கீழே கொஞ்சம் நனையாத இடம் இருந்தது. பணிப்பாளர் காரில் வந்து இறங்கினார்.

"சேர், தாள் வேணா. வந்து ஒருக்காப் பாருங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்றும் யோசித்தேன்.

அவர் என்னையும் தன் சப்பாத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு வந்தார். பின்பக்க வாசலால் சுற்றி வரம்புக்கு வந்தோம். மதிலுக்குக் கிட்டப் போக வயலுக்குள் இறங்க வேண்டும். இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஏறியது. பைப் அவருடைய நெஞ்சுக்கு நேரே இருந்தது.

 பைப்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் சாண் போட்டுப் பார்த்தார்.

"வரம்புல தண்ணி கூடினா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"வக்கடை வெட்டுவம் சேர். வரம்ப அடி மட்டத்துல கொஞ்சம் வெட்டி விடுற."

"எந்த மட்டத்துல?"

தண்ணீருக்குள் கையை விட்டு, மதிலின் அடியைத் தொட்டுக் காட்டினேன். அவரும் குனிந்து கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். சட்டைக் கை தோள் வரைக்கும் நனைந்தது.

பகலுக்குள் மேசன்மார் வந்தார்கள். தாள் இல்லை, படம் இல்லை. பணிப்பாளர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு கான் பக்கம் நின்றார். மதிலின் அடியில், உள்ளே ஆழமாக வெட்டியிருந்த கானின் மட்டத்தில், மூன்று கல்லைக் கழற்றினார்கள். தண்ணீர் முதலில் கலங்கிச் சுழன்றது, பிறகு வழி தெரிந்துகொண்டு போனது. மேல் வயல்கள் இரண்டு நாளில் தலை காட்டின. என் கீழ்த்துண்டில் பாதி தப்பியது. பாதி போய்விட்டது. அந்தப் பாதியை நான் உடன்பட்டதன் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு பணிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஒரு கடிதம். புதிய முகாமைச் சபை அனுப்பியது. குழு அங்கீகரித்த வடிவமைப்பை மீறி மதிலை உடைக்க உத்தரவிட்டவர் யார் என்று பதினான்கு நாளுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். சீர்திருத்த அறிக்கையின் முன்னுரையில் கடைசி வயல் கோட்பாட்டைப் போட்ட அதே சபை.

"ஒங்கட அமைப்புலயும் கேட்டாங்களாமே," என்றார். "நீங்க என்ன செய்த?"

"எழும்பி நிண்டு நான்தான் எண்டு செல்லினன் சேர்."

"அதுக்குப் பிறகு?"

"பிளேன்டீ தந்தாங்க."

அவர் சிரித்தார். அவருக்கு எவரும் பிளேன்டீ தரப் போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பேனையை எடுத்து, கடிதத்தின் அடியில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்காக நான் நாலு மாரி காத்திருந்தேன்.

மதிலை உடைத்ததை ஆராய இப்போது ஒரு குழு இருக்கிறது. சமூகப் பிரதிநிதி வேண்டும் என்று என்னையும் போட்டிருக்கிறார்கள். பணிப்பாளர் அதில் இல்லை. அவரைத்தான் ஆராய்கிறார்கள். முதல் கூட்டத்தில் பதிவாளர் தாளைச் சுற்றுக்கு விட்டார். வழக்கம்போல இங்கிலீசில். பகல் சாப்பாட்டு நேரம். தாள் என் கைக்கு வந்தது.

"இதத் தமிழ்ல வாசிங்க," என்றேன். காது சூடாகியது. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் சொல்லிவிட்டேன். "முழுசா."

பதினொரு பக்கம். பதிவாளர் ஒவ்வொரு வசனமாகத் தமிழாக்கி வாசித்தார். ஆறாம் பக்கத்தில் மதிலின் உயரம் வந்தபோது நிறுத்தச் சொல்லி, எந்தப் பக்கமிருந்து அளந்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வயலுக்குப் போய் அளந்துவிட்டு வந்து கூடலாம் என்று முடிவாகியது. சாப்பாட்டுப் பார்சல்கள் ஆறிப்போயிருந்தன. பலர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

எழும்பும்போது பதிவாளரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கூட்டறிக்கையின் கடைசி வரியை அவர் வழக்கம்போல எழுதத் தொடங்கி, ஒரு சொல்லை வெட்டி, திருத்தியிருந்தார். சமூகப் பிரதிநிதி இன்னும் உடன்படவில்லை.